திரைக்குப் பின்னால் அளவெடுத்த கோட்டு

உத்தமபாளையம் ஷேக் மைதீன் ராவுத்தருக்கு ஆள் முகம் நினைவில் நிற்காது, சட்டைதான் நிற்கும். "யாரு, கோம்பையிலிருந்து வருவாரே, இடது தோள் அரை விரக்கடை இறங்கினவரு, அவுகளா?" என்றுதான் கேட்பார். தெருவில் எதிரே வருகிறவருடைய சட்டை கொஞ்சம் நன்றாக இருந்துவிட்டால் போதும், சலாம் சொல்லிக்கொண்டே கிட்டத்தில் போய் அடியோரத்தைப் புரட்டி உள்தையலைப் பார்த்துவிடுவார். ஒரு தடவை பஸ்ஸில் முன்னால் உட்கார்ந்திருந்த வக்கீல் ஒருவரின் காலரை அவருக்குத் தெரியாமல் தூக்கப் போக, அவர் தேள் ஏறிவிட்டது என்று அலறி எழுந்து, ஓடுகிற பஸ்ஸே நின்றுபோனது. "தேளெல்லாம் இல்லைங்க. காலருக்குள்ள ஒட்டுத்துணி வச்சு ஒங்கள ஏமாத்தியிருக்காக. அதைத்தான் பாத்தேன்" என்றார் ராவுத்தர். அந்த வக்கீல் அதற்கப்புறம் இவரிடம்தான் தைத்தார்.

அவருடைய அத்தா, அத்தாவைப் பெற்றவர், அவருக்கும் மேலே இருந்தவர்கள் எல்லாரும் மாட்டுத் தரகு, குதிரைத் தரகு என்று நாலுகால் ஜீவன்களோடு காலம் தள்ளியவர்கள். இவருக்கு மட்டும் மதுரைக்குப் போன இடத்தில் ஊசி ஒட்டிக்கொண்டது. கம்பத்துப் புளிமண்டிக்காரர் மகள் அம்சத் பீவியைக் கட்டியபோது, ஒரு ஜோடிக் காளை வாங்கிக்கொள்ளச் சொல்லி மாமனார் பணம் கொடுத்தார். இவர் மதுரைக்குப் போய்க் கால்மெஷின் ஒன்றை வாங்கி வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார்.

"காளை எங்க மச்சான்?" என்று கேட்டான் அம்சத் பீவியின் தம்பி இப்ராஹிம்.

"இது புல்லுத் திங்காது" என்றார் ராவுத்தர்.

அந்தப் பதிலை இப்ராஹிம் பதினாறு வருஷமாக மறக்கவில்லை. மாமனார் மௌத்தாகி மண்டி அவன் கைக்கு வந்த பிறகு, மாதம் ஒருமுறை உத்தமபாளையம் வருவான். "மெஷினை வித்துப்போட்டு வந்து மண்டியில தராசைப் பிடிங்க மச்சான். ரவிக்கையும் டவுசரும் தச்சு யாரு பெரிய ஆளானா?" என்பான். அக்கா கையால் வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் போவான். ராவுத்தருக்கோ புளி வாசனை வந்தாலே பல் கூசும்.

சினிமா விஷயத்தில் ராவுத்தர் ஏற்கெனவே ஒரு சத்தியத்துக்குக் கட்டுப்பட்டவர். மதுரையில் பேசும்படம் வந்த புதிதில் நூல்கண்டு வாங்கப் போனவர், நாலு நாள் கழித்துத்தான் திரும்பினார். ஒரே படத்தை நாலு நாளும் பார்த்திருக்கிறார். கதை என்னவென்று கேட்டால் தெரியாது. "ராஜா போட்டிருந்த அங்கியில இடுப்புக்குக் கீழ பன்னெண்டு மடிப்பு" என்று மட்டும் சொன்னார். அந்த நாலு நாளில் இங்கே ஒரு கல்யாணப்பெண் ரவிக்கை வந்து சேராமல், பெற்றவள் ரவிக்கையை ஊக்குப் போட்டு இறுக்கிக்கொண்டு மணையில் உட்கார வேண்டியதாயிற்று. பெண்வீட்டார் வாசலில் நின்று வைத வசவு முழுக்க அம்சத் பீவிக்குத்தான் விழுந்தது. அவள் புருஷனை மேற்கே பார்த்து நிறுத்தி, "இனிமே சினிமாக் கொட்டகைக்குள்ள காலெடுத்து வைக்க மாட்டேன்னு சொல்லுங்க" என்றாள். சொன்னார். சொன்ன சொல்லில் ஒரு நூல் குறைய விடமாட்டார் ராவுத்தர். ஒரு நூல் கூடவும் விடமாட்டார்.

ஹிட்லர் சண்டை வருவதற்கு முந்தின வருஷம், மார்கழியில், தேவாரம் மொக்கம்மாள் மகனைக் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தாள். மொக்கம்மாள் யாரென்றால், பொட்டிப்புரம் ராக்கையாவின் மகள். ஆறு ஆண்பிள்ளைகளுக்கு நடுவில் ஒரே பெண். தேவாரத்தில் வாழ்க்கைப்பட்டு, சின்ன வயசிலேயே புருஷனைப் பறிகொடுத்து, கிணறும் தோட்டமுமாக நிமிர்ந்து நின்றவள். அவள் பேச ஆரம்பித்தால் ஆறு சகோதரர்களும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்பார்கள். மகன் சுருளிவேலுக்குத் தை மாதம் சின்னமனூரில் கல்யாணம்.

"ராவுத்தரண்ணே, ஒங்க ஊருக் கொட்டகையில ஒரு படம் ஓடுதாம்ல. அதுல வர்றவன் போட்டிருக்கானாம் ஒரு கோட்டு. அதுதான் வேணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறான்" என்று நீல செர்ஜுத் துணியை மெஷின் மேல் வைத்தாள்.

"ஆபீஸ்காரங்க மாதிரி கழுத்தை மூடுறது இல்ல மாமா" என்றான் சுருளிவேல். "கழுத்து திறந்து, ரெண்டு பக்கமும் வெத்தல மடிச்ச மாதிரி விழும்."

ராவுத்தர் துணியைத் தடவிக்கொண்டிருந்தார். அன்றைக்குப் பார்த்து இப்ராஹிமும் அங்கேதான் சாப்பிட்டுவிட்டுப் பல்குத்திக்கொண்டிருந்தான்.

"மச்சான், தெரியாத வேலையைத் தெரியாதுன்னு சொல்லிருங்க. ஆத்தா, மதுரையில குடுத்துத் தச்சுக்கங்க. இவுக மூடுன கழுத்துக் கோட்டே தச்சதில்ல, திறந்த கழுத்துக்கு எங்க போவாக?"

"மதுரைக்காரன் எம்மகன் தோளை எங்க கண்டான்?" என்றாள் மொக்கம்மாள். "நீங்க சொல்லுங்கண்ணே, முடியுமா முடியாதா?"

"முடியும் ஆத்தா" என்றார் ராவுத்தர். பிறகு மச்சினன் பக்கம் திரும்பினார். "இந்தக் கோட்டு சரியா அமையலேன்னா மெஷினைத் தூக்கிட்டு ஒன் மண்டிக்கே வந்துர்றேன். போதுமா?"

இப்ராஹிம் பல்குத்தும் குச்சியைத் தூர எறிந்துவிட்டு எழுந்தான். "அக்கா, நீயும் கேட்டுக்க."

கேட்டுக்கொண்ட அம்சத் பீவி புருஷனைக் கையோடு உள்ளே கூப்பிட்டாள். "கோட்டுத் தைக்கணும்னா படம் பாக்கணும். படம் பாக்கணும்னா கொட்டகைக்குள்ள போகணும். சத்தியம் என்னத்துக்கு ஆகும்?"

"காலெடுத்து வைக்க மாட்டேன்னுதான சொன்னேன்? வைக்கலை."

கொட்டகை ஊருக்குத் தெற்கே, அறுப்பு முடிந்த வயலில் போட்டிருந்தது. வாசல் வடக்கே. திரை தெற்குக் கோடியில் இரண்டு கம்பங்களுக்கு நடுவே கட்டி, அதற்குப் பின்னால் வெறும் தென்னந்தடுக்கு. ராவுத்தர் பகலில் போய் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். கொட்டகை மேனேஜர் அவரைத் திருடன் என்று நினைத்துக் கம்போடு வந்தார்.

"ஒங்க திரையில நடு மத்தியில ஒரு சாண் கிழிஞ்சிருக்கே" என்றார் ராவுத்தர்.

மேனேஜர் கம்பைக் கீழே போட்டார். போன ஊரில் காற்றில் கிழிந்த கிழிசல் அது. கதாநாயகி முகம் கிட்டத்தில் வரும்போதெல்லாம் மூக்குத்தி போடும் இடத்தில் பொத்தலாகத் தெரிந்து, ஜனங்கள் சோகக் கட்டத்தில் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ராவுத்தர் தடுக்கை நீக்கி, ஏணியை வெளியே சார்த்தி, வெளியே நின்றபடியே இரண்டு கையையும் உள்ளே விட்டு, கிழிந்த இடமே தெரியாமல் இழை ஓட்டிக் கொடுத்தார். கூலி வேண்டாம் என்றார். முதல் ஆட்டத்துக்குத் திரைக்குப் பின்னால், வயலில், தடுக்கை நீக்கிக்கொண்டு நிற்க மட்டும் உத்தரவு வாங்கிக்கொண்டார்.

மெல்லிய துணித்திரை. முன்னால் விழுகிற படம் பின்னாலும் அப்படியே தெரிந்தது. பின்னால் நிற்பதில் இன்னொரு லாபம், கை வைத்தால் நிழல் விழாது. ராவுத்தர் கழுத்தில் நூல்களைப் போட்டுக்கொண்டு, கால் வயலிலும் கை கொட்டகையிலுமாக நின்று, கதாநாயகனுக்கு அளவெடுக்க ஆரம்பித்தார்.

அளவெடுப்பதற்கு அந்த ஆள் ஓரிடத்தில் நின்றால்தானே? ஓடினான், குதிரை வண்டியில் ஏறினான், சண்டை போட்டான். ராவுத்தர் நூலைப் பிடித்துக்கொண்டு ஏணியில் ஏறி இறங்கினார். நல்லவேளையாக நடுவில் ஒரு பாட்டு வந்தது. கதாநாயகன் ஒரு மரத்தில் சாய்ந்து நின்றுகொண்டு, கையைக் காலை அசைக்காமல், காணாமல் போன காதலியை நினைத்து ஏழு நிமிஷம் பாடுவான். முன்னால் இருந்த ஜனம் பீடி பற்றவைக்கவும் முறுக்கு வாங்கவும் எழுந்து போகிற பாட்டு அது. அதை நின்ற இடம் விட்டு நகராமல் ரசித்த ஒரே ஆள் ராவுத்தர்தான். திரைக்குப் பின்னால் வைத்த பாட்டுப்பெட்டி அவர் காதுக்குப் பக்கத்தில் அலறியதால், வீட்டுக்குப் போய்ச் சோறு தின்னும்வரை யார் பேசினாலும் கேட்காது.

மூன்றாம் நாள் அக்குளுக்கு நூல் வைத்து அழுத்தியபோது திரை முன்பக்கம் புடைத்துவிட்டது. முன்வரிசையில் இருந்தவன் ஒருவன் எழுந்து கத்தினான்.

"ஏலே, அங்கன பாருங்கடா! அவன் கோட்டுக்குள்ள எலி ஓடுது!"

"எலி இல்லடா, பாடிப் பாடி நெஞ்சு வீங்கிப்போச்சு!"

"அந்தா, இப்ப கழுத்துக்கு ஏறுதுடா!"

அன்றைக்கு அந்தச் சோகப்பாட்டுக்கு விழுந்து விழுந்து சிரித்தார்கள். மறுநாள் எலியைப் பார்ப்பதற்கென்றே பக்கத்து ஊர்களிலிருந்து ஆள் வந்தது. மேனேஜர் ராவுத்தரிடம் வந்து, "இன்னும் ரெண்டு நாளைக்கு அளவெடுங்க பாய்" என்று காலில் விழாத குறையாகக் கேட்டுக்கொண்டார்.

அளவிலும் தொந்தரவு இல்லாமல் இல்லை. ஆள் கிட்டத்தில் வரும்போது காலரையும், தூரத்தில் நிற்கும்போது தோளையும் அளந்துகொண்டு வந்து, பழைய செய்தித்தாளில் வெட்டிப் பார்த்தார். காலர் வாழையிலை அகலத்துக்கு வந்தது. பிறகுதான் அவருக்குச் சூட்சுமம் பிடிபட்டது. ஒவ்வொரு தடவையும் தோளுக்கு ஒரு நூல், மற்றதற்கு ஒரு நூல் என்று சேர்த்தே எடுத்தார். தோள் நூலை எத்தனையாக மடித்தால் சுருளிவேல் தோளுக்குச் சரியாக வருகிறதோ, மற்ற நூலையும் அத்தனையாகவே மடித்தார். தூரத்து அளவை மூன்றாகவும் கிட்டத்து அளவை ஒன்பதாகவும் மடித்தபோது எல்லாம் கச்சிதமாக உட்கார்ந்தது. எழுதப் படிக்கத் தெரியாத மனுஷன் போட்ட கணக்கு அது.

ஒரு விஷயம்தான் அவரை இரண்டு நாள் உறுத்தியது. ஆண்பிள்ளைச் சட்டை என்றால் இடப்பக்கத் துணி மேலாக வந்து வலப்பக்கத்தின் மேல் விழும். நெஞ்சுப்பை இடப்பக்கம் இருக்கும். இந்தக் கோட்டில் எல்லாம் தலைகீழ். வலப்பக்கம் மேலே, பையும் வலப்பக்கம். யோசித்து யோசித்துக் கடைசியில் அவரே காரணமும் கண்டுபிடித்துவிட்டார்.

"உள்ள போடுற சட்டை ஒரு பக்கம் விழுதுல்ல? மேல போடுற கோட்டும் அதே பக்கம் விழுந்தா பட்டன் மேல பட்டன் ஏறி நெஞ்சு முட்டிக்கிட்டு நிக்கும். அதுக்காகத்தான் மாத்தி வச்சிருக்கான் வெள்ளைக்காரன். மூளைக்காரன்!" என்று பெண்டாட்டியிடம் சொன்னார். கூடவே குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஆனா அந்தப் படத்துல இருக்கவுக பழக்கம் சரியில்ல. பெரிய மனுஷங்க எல்லாம் வரிசையா ஒக்காந்து இடது கையால சாப்பிடுறாக. பொம்பளைக முந்தானையை வலது தோள்ல போட்டிருக்காக" என்றார்.

"பட்டணத்துக் கூத்து" என்று முகத்தைச் சுளித்தாள் அம்சத் பீவி. "இதுக்குத்தான் அந்தப் பக்கமே போக வேணாங்கிறேன்."

கோட்டுக்கு உள்ளே விறைப்புக்கு வைக்கும் துணி மதுரையில்தான் கிடைக்கும். ராவுத்தர் மலையிலிருந்து ஏலக்காய் இறங்கிவந்த சாக்கை வாங்கி, நாலு தரம் துவைத்து, கஞ்சி போட்டு, நெஞ்சுக்குக் கொடுத்தார். தோளுக்கு இலவம்பஞ்சு. காலர் மடிப்புக்குள் கையால் ஓட்டிய தையல் மட்டும் நானூற்றுச் சொச்சம். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுகூடத் தெரியாது. போட்டுப் பார்த்த சுருளிவேல் கண்ணாடி முன்னாலிருந்து நகரவில்லை. கூனல் விழுந்த முதுகு அவனுக்கு. ஏர் பிடித்துப் பிடித்து வந்தது. கோட்டுப் போட்டதும் கூனல் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. மொக்கம்மாள் மகன் முதுகைத் தடவிப் பார்த்துவிட்டு, "உள்ள பலகை வச்சிருக்கீகளா?" என்று கேட்டாள்.

சின்னமனூரில் தாலி கட்டும்வரை எல்லாம் சரியாகத்தான் நடந்தது. வேட்டிக்கு மேல் நீலக் கோட்டும், கழுத்தில் மாலையுமாக மாப்பிள்ளை மணையில் உட்கார்ந்திருந்தான். வேர்வையில் சாக்கு நனைந்து, பந்தல் முழுக்க ஏலக்காய் மணத்தது. "மாப்பிள்ளை பாயசத்துல முங்கி எந்திருச்சு வந்திருக்காரு போல" என்றார்கள் பெண்வீட்டுப் பெண்கள். மணப்பெண் சந்தனம்மாள் தலையை நிமிர்த்தாமலே இரண்டு தடவை மூச்சை இழுத்துக்கொண்டாள். ராவுத்தர் ஒரு தூணோரம் நின்று, மாப்பிள்ளை தாலி கட்டக் கையைத் தூக்கும்போது அக்குள் இழுக்கிறதா என்று மட்டும் பார்த்தார். இழுக்கவில்லை.

பந்திக்குப் பிறகு வந்து சேர்ந்தான் கர்ணன். பெண்ணுக்கு அக்காள் புருஷன். மூணாற்றுப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் ரைட்டர் வேலை. துரை கழித்துப் போட்ட கோட்டு ஒன்றைப் போட்டுக்கொண்டு வந்திருந்தான். மாப்பிள்ளையை ஏற இறங்கப் பார்த்தான்.

"ஐயே! மாப்பிள்ளைக்கு ஏன் துரைசானிக் கோட்டு போட்டு விட்டிருக்கீக?"

கர்ணன் தன் கோட்டை இழுத்துக் காட்டினான். "இந்தா, துரை கோட்டு இப்படி விழும். துரைசானி கோட்டுத்தான் அப்படி விழும். பங்களாவுல நான் தினம் பாக்குறேன்ல!"

அவ்வளவுதான். பெண்கள் கூட்டத்திலிருந்து ஒருத்தி, "அப்ப மாப்பிள்ளைக்கு ஒரு கொண்டையும் போட்டு விடுங்கடி" என்றாள். இன்னொருத்தி, "சந்தனம், ஒனக்கு மாப்பிள்ளை வரலடி, நாத்தனா வந்திருக்கா" என்றாள். சிரிப்பு அடங்கவே இல்லை. சுருளிவேல் முகம் கறுத்துப்போய்ப் பட்டனில் கை வைத்தான்.

"கழட்டாதடா" என்றாள் மொக்கம்மாள். "ராவுத்தரண்ணே, இங்க வாங்க. இவரு சொல்றது நெசமா?"

ராவுத்தர் தூணோரத்திலிருந்து வந்தார். கண் முன்னால் மெஷின் தெரியவில்லை, தராசுதான் தெரிந்தது. "என் கண்ணால பாத்தேன் ஆத்தா. ஆறு நாள் பாத்தேன். அவன் இந்தப் பக்கம்தான் போட்டிருந்தான்."

"அந்தக் கொட்டகை இப்ப எங்கன இருக்கு?"

கொட்டகை இடம் மாறிச் சின்னமனூருக்கே வந்திருந்தது. மொக்கம்மாள் யோசிக்கவே இல்லை. பொழுது சாய்ந்ததும் முதல் ஆட்டத்துக்குக் கல்யாண வீடு மொத்தமும், மாலையும் கழுத்துமாகப் பெண்ணும் மாப்பிள்ளையும் உட்பட, கொட்டகைக்குக் கிளம்பியது. எல்லாரும் உள்ளே போனார்கள். ராவுத்தர் மட்டும் வாசலில் கட்டியிருந்த கயிற்றுக்கு இந்தப் பக்கமே நின்றுகொண்டு கழுத்தை நீட்டினார்.

"உள்ள வாங்கண்ணே!"

"இல்ல ஆத்தா. சத்தியம் இருக்கு. இங்கன நின்னே தெரியுது."

திரையில் கதாநாயகன் வந்தான். கோட்டு இடப்பக்கம் மேலாக விழுந்திருந்தது. பை இடப்பக்கம். "பாத்துக்கங்க!" என்று கர்ணன் எழுந்து நின்று கத்தினான். ராவுத்தர் கண்ணைக் கசக்கிக்கொண்டார். அடுத்த கட்டத்தில் பெரிய மனுஷர்கள் வரிசையாக உட்கார்ந்து வலது கையால் சாப்பிட்டார்கள்.

"யா அல்லா" என்றார் ராவுத்தர். "கைய மாத்திட்டாகளே!"

மொக்கம்மாள் வெளியே வந்து அவரைக் கூட்டிக்கொண்டு கொட்டகையைச் சுற்றிப் பின்பக்கம் போனாள். தடுக்கை நீக்கி எட்டிப் பார்த்தாள். அங்கே அதே ஆள், அதே மரம், கோட்டு மட்டும் மகன் கோட்டுப் போலவே மறுபக்கம். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தன் முந்தானையை விரித்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துக்கொண்டாள்.

"அண்ணே, துணிக்கு உள்பக்கத்தைப் பாத்துத் தச்சுப்பிட்டீக."

ராவுத்தர் வயல்வரப்பில் உட்கார்ந்துவிட்டார். வாழ்நாள் முழுக்கப் பிறத்தியார் சட்டையின் உட்புறத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்த மனுஷன். "தப்புதான் ஆத்தா. பிரிச்சாலும் சேராது. காஜா வெட்டியாச்சு" என்றார்.

பட்டன் நுழைவதற்காக வெட்டிய ஓட்டையை எந்தத் தையல்காரனாலும் மறைக்க முடியாது. மொக்கம்மாளுக்கு அது விளங்கியது. அவள் அவரை அங்கேயே விட்டுவிட்டு உள்ளே போனாள். நடுக்கொட்டகையில் நின்றாள்.

"எல்லாரும் கேட்டுக்கங்க. நான் பின்னாடி போயும் பாத்துட்டு வந்தேன். அங்கன எம்மகன் போட்டிருக்க மாதிரிதான் போட்டிருக்கான். சந்தேகம்னா போய்ப் பாருங்க."

ஆளுக்கு ஆள் எழுந்து ஓடினார்கள். பார்த்துவிட்டு வந்தவர்கள், "ஆமாப்பா!" என்றார்கள். மேனேஜர் விளக்கம் சொல்ல வாயைத் திறந்தார். மொக்கம்மாளின் சகோதரர்கள் ஆறு பேரும் அவரைப் பார்த்ததில் மூடிக்கொண்டார்.

"அந்தப் பக்கம் போடுறது ஆபீஸ் கோட்டு. இந்தப் பக்கம் போடுறது கல்யாணக் கோட்டு" என்றாள் மொக்கம்மாள். "துரைகிட்டக் கைகட்டி நிக்கிறவுக அதைப் போட்டுக்கட்டும். மாப்பிள்ளையா ஒக்காரப் போறவுக இதைப் போடட்டும். எங்க அண்ணன் தம்பி வீட்டுல மாசிக்குள்ள எட்டுக் கல்யாணம் இருக்கு. எட்டுப் பேருக்கும் இதே பக்கம்தான் கோட்டு. என்ன கர்ணா, வேற ஏதும் இருக்கா?"

கர்ணன் தன் கோட்டைக் கழற்றி மடித்து மடியில் வைத்துக்கொண்டான்.

மறுவாரம் எட்டு மாப்பிள்ளைகளும் அளவு கொடுக்க வந்து நின்றார்கள். ராவுத்தர் மொக்கம்மாளிடம் கெஞ்சினார். "ஆத்தா, தெரியாம ஒண்ணு தச்சேன். தெரிஞ்சுக்கிட்டே எப்படித் தப்பாத் தைப்பேன்? கை வராது."

"தெரியாமத் தச்சதே அம்புட்டு அழகா வந்துச்சு. தெரிஞ்சு தச்சா இன்னும் நல்லா வரும்ல? வெட்டுங்க" என்றாள் அவள்.

வெட்டினார். ஒவ்வொரு கோட்டுக்கும் வலப்பக்கம் பை வைக்கும்போது பல்லைக் கடித்துக்கொள்வார். மாசி முடிவதற்குள் தேவாரத்திலிருந்து பொட்டிப்புரம் வரை எட்டு மாப்பிள்ளைகள் ஏலக்காய் மணக்க வலம்வந்தார்கள். பை வலப்பக்கம் இருந்தால் நம்ம ஆள், இடப்பக்கம் இருந்தால் ஆபீஸ் ஆள் என்று ஜனங்களுக்குப் பழகிப்போனது.

செய்தி கம்பத்துக்குப் போகாமல் இருக்குமா? பங்குனியில் இப்ராஹிம் மாட்டுவண்டியோடே வந்து இறங்கினான்.

"மச்சான், ஊர் சொல்றதை விடுங்க. ஒங்க வாயால சொல்லுங்க. அந்தக் கோட்டு சரியா, தப்பா?"

ராவுத்தரால் பொய் சொல்ல முடியவில்லை. "தப்புதான்."

"அப்ப மெஷினை ஏத்திரவா?"

அம்சத் பீவி குறுக்கே வந்தாள். "ஏன்டா, எட்டுப் பேரு தேடி வந்து தச்சுப் போட்டிருக்காக. ஊரே சரிங்குது. இவுக ஒருத்தரு தப்புன்னா தப்பாயிருமா?"

"சொல்லு சொல்லுதான் பீவி" என்றார் ராவுத்தர். மச்சினனைப் பார்த்தார். "ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். மெஷினை ஏத்துறதுக்கு முந்தி ஒனக்கு ஒரு கோட்டுத் தச்சுத் தாரேன். சரியான பக்கம். என் கையால சரியா ஒரு கோட்டு இந்த உலகத்துல இருக்கணும்."

இப்ராஹிமுக்கு ஆசை இல்லாமல் இல்லை. வண்டியை நிறுத்திக்கொண்டு நாலு நாள் அக்கா வீட்டிலேயே சாப்பிட்டான். ராவுத்தர் அந்த நாலு நாளும் வேறு வேலை தொடாமல் தைத்தார். இடப்பக்கம் மேலே. இடப்பக்கம் பை. பெரிய தொப்பை இப்ராஹிமுக்கு. கோட்டுப் போட்டதும் அது ஏதோ பதவி மாதிரி ஆகிவிட்டது. "மண்டியில ஒரு நா போட்டுக் காட்டிட்டு வந்து மெஷினை ஏத்திக்கிறேன்" என்று கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே சொல்லிவிட்டுக் கிளம்பினான். ராவுத்தர் மெஷினைக் கயிறு போட்டுக் கட்டிவைத்துவிட்டுக் காத்திருந்தார்.

புளிக்காலம் அது. சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்தெல்லாம் புளிமூட்டை ஏற்றிய வண்டிகள் விடியற்காலையே கம்பத்துத் தெருவில் வரிசையாக நிற்கும். இப்ராஹிம் புதுக் கோட்டைப் போட்டு, இடது பையில் பென்சிலைச் செருகிக்கொண்டு, கையில் நோட்டோடு மண்டி வாசலில் வந்து நின்றான். முதல் வண்டிக்காரன் பார்த்தான். இடப்பக்கம் பை. பையில் பென்சில். கையில் நோட்டு.

"அம்மை குத்துற இன்ஸ்பெக்டருடோய்!" என்று ஒரு சத்தம் போட்டான்.

அந்தக் காலத்தில் அந்த ஒரு சத்தம் போதும். மூட்டை மேல் உட்கார்ந்திருந்த பெண்கள் இடது கையைப் பொத்திக்கொண்டு குதித்தார்கள். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கொடிக்காலுக்குள் பாய்ந்தார்கள். வண்டிக்காரர்கள் மாட்டை ஒடித்துத் திருப்பியதில் மூன்று வண்டிகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டன. "ஏலே, நான்தான்டா மண்டிக்காரன்! வாங்கடா!" என்று இப்ராஹிம் நோட்டை ஆட்டிக்கொண்டு பின்னால் ஓடினான். அவன் ஓட ஓட, விரட்டிக்கொண்டு வருகிறான் என்று அவர்கள் இன்னும் வேகமாக ஓடினார்கள். அன்றைக்கு அவன் மண்டிக்கு ஒரு கொட்டைப் புளிகூட வரவில்லை. வந்த வண்டியெல்லாம் எதிர்த்தெரு மண்டிக்குப் போயிற்று. அங்கே உட்கார்ந்திருந்தவர் வெறும் பனியன்தான் போட்டிருந்தார்.

மத்தியானத்துக்குள் இப்ராஹிம் உத்தமபாளையத்தில் இருந்தான். கோட்டு கையில், மேலெல்லாம் புழுதி.

"மச்சான், மெஷினை அவுத்துவிடுங்க" என்றான்.

"ஏன்ப்பா?"

"அவுத்துவிடுங்கங்கிறேன்ல. நீங்க தப்பாத் தச்சா ஊரே ஒங்க வாசல்ல வந்து நிக்குது. சரியாத் தச்சா இருக்க ஆளும் ஓடுது. இந்தக் கைய வச்சு ஏந் தராசைத் தொட்டீகன்னா நான் கடையை மூட வேண்டியதுதான். மண்டிப் பக்கமே வந்துறாதீக. அக்கா, சோறு இருக்கா?"

அம்சத் பீவி சிரிப்பை முந்தானையில் அடக்கிக்கொண்டு இலையைப் போட்டாள். ராவுத்தர் கயிற்றை அவிழ்த்தார். அவிழ்த்த கையோடு ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, காலால் இரண்டு மிதி மிதித்துப் பார்த்தார். பிறகு மச்சினன் மடியில் கிடந்த கோட்டை எடுத்து, புழுதியைத் தட்டி, காலரை நீவி, உட்புறத்தைப் புரட்டி வெளிச்சத்தில் பார்த்தார். ஓடிய ஓட்டத்தில் ஒரு தையல்கூட விடவில்லை.

இப்ராஹிம் சோற்றைப் பிசைந்துகொண்டே, "துணி நல்ல துணி மச்சான். வீணாக்க வேணாம். அந்தப் பையை மட்டும் பிரிச்சு வலப்பக்கம் வச்சுத் தந்துருங்க" என்றான்.

"வைக்க மாட்டேன்" என்றார் ராவுத்தர்.